கிளாரினெட்டுக்கு எழுதியதை வயோலாவில் வாசிப்பது எப்படி

ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் கடைசிக் காலத்தில் கிளாரினெட்டை மையமாக வைத்து எழுதிய நான்கு அறையிசைப் படைப்புகளும் வயோலாக்காரர்களுக்கும் உரியவை. 1891 மார்ச்சில் ஜெர்மனியின் மைனிங்கன் அரசவை இசைக்குழுவில் ரிச்சர்ட் முல்ஃபெல்டின் கிளாரினெட்டைக் கேட்ட அவர், எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்த எண்ணத்தைக் கைவிட்டார். அந்தக் கோடையிலேயே ஆஸ்திரியாவின் பாட் இஷ்ல் ஊரில் தங்கி ஒப்பஸ் (படைப்பு எண்) 114 ட்ரியோவையும் (மூவர் வாசிப்பது) ஒப்பஸ் 115 குயின்டெட்டையும் (ஐவர் வாசிப்பது) எழுதி முடித்தார். 1894 கோடையில் ஒப்பஸ் 120 என்ற எண்ணில் பியானோவோடு சேர்ந்து வாசிக்கும் இரண்டு சொனாட்டாக்கள் வந்தன. சிம்ராக் பதிப்பகம் நான்கையும் வயோலாவுக்கான மாற்றுப் பிரதியோடு வெளியிட்டது. ஆனாலும் சொனாட்டாக்களைப் பற்றி வயலின் கலைஞரான நண்பர் யோவாக்கிமுக்கு எழுதிய கடிதத்தில், வயோலாவில் இவை கைக்கு ஒத்துவராமல் இனிமை குறைந்து நிற்பதாக பிராம்ஸே குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய இந்தச் சலிப்பை நாம் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் போதும். வயோலா கிளாரினெட்டைப்போல நடிக்க முயலும்போதுதான் இவை கைக்கு வராமல் போகின்றன. கிளாரினெட்டிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் மூச்சை மட்டுமே என்பது என் கருத்து. கீழே சொல்லும் வழிமுறைகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் எட்டும் தூரத்தைப் பார்த்துவிடுவோம். பி ஃபிளாட் கிளாரினெட்டின் அடி ஸ்வரம், காதில் விழும் சுருதிப்படி, நடு சி-க்குக் கீழே உள்ள டி. ஏ கிளாரினெட்டுக்கு அதைவிட அரை ஸ்வரம் தாழ்ந்த சி ஷார்ப். வயோலாவின் நான்காம் தந்தி திறந்த நிலையில் தருவது அதற்கும் அரை ஸ்வரம் கீழே உள்ள சி. ஆகவே கிளாரினெட் எவ்வளவு கீழே இறங்கினாலும் வயோலாவால் கூடவே இறங்க முடியும், வயலினால் முடியாது. சிக்கல் மேலே ஏறும்போதுதான் தொடங்குகிறது. கிளாரினெட் தார ஸ்தாயியில் எளிதாகவும் ஒளியோடும் பேசுகிற இடத்தில் வயோலா முதல் தந்தியின் உச்சிக்குப் போய்த் தொண்டையை இறுக்கிக்கொள்கிறது. வயோலா வயலினைவிட ஐந்து ஸ்வர இடைவெளி தாழ்ந்தது. அந்த விகிதத்தில் உடலும் பெருத்திருந்தால் சுமார் 53 சென்டிமீட்டர் நீளம் வேண்டியிருக்கும். தோளில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதால் 40, 42 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம். அதன் குரலில் இருக்கும் மூடாப்பும் கரகரப்பும் இந்தச் சமரசத்திலிருந்து வருபவை. அவற்றைக் குறையாக நினைத்து மறைக்க முயன்றால் இந்த இசையின் பாதி அழகு போய்விடும்.

எந்தப் படைப்பை எடுப்பது

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒப்பஸ் 120-இன் இரண்டாவது, அதாவது ஈ ஃபிளாட் மேஜர் சொனாட்டா. அதன் முதல் பகுதிக்கு பிராம்ஸ் இட்ட 'அமாபிலே' என்ற சொல்லே அதன் நடையைச் சொல்லிவிடுகிறது. கனிவாகப் பேசினால் போதும், போராட வேண்டியதில்லை. எஃப் மைனர் சொனாட்டாவின் முதல் பகுதிக்கு வலக்கையில் கூடுதல் பலமும், பியானோவோடு மோதி நிற்கும் துணிவும் தேவைப்படுகின்றன.

ஷூமன் 1849-இல் எழுதிய ஒப்பஸ் 73 கற்பனைத் துண்டுகள் மூன்றும் ஏ கிளாரினெட்டுக்கு எழுதப்பட்டவை. மாற்றாக வயலினையோ செல்லோவையோ அவர் அனுமதித்தார், வயோலாவைக் குறிப்பிடவில்லை. ஆயினும் ஏ மைனரிலும் ஏ மேஜரிலும் அமைந்த அந்தத் துண்டுகளில் வயோலாவின் திறந்த தந்திகள் தாமாகவே கூட ஒலிப்பதால், கைக்கு மிக இதமாக இருக்கும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. மொஸார்ட்டின் 1786 ட்ரியோ, ஷூமனின் ஒப்பஸ் 132, மாக்ஸ் ப்ரூக் 1910-இல் எழுதிய ஒப்பஸ் 83 எட்டுத் துண்டுகள் ஆகியவற்றில் கிளாரினெட்டுக்கு எதிரே ஏற்கெனவே ஒரு வயோலா உட்கார்ந்திருக்கிறது. அங்கே கிளாரினெட்டின் இடத்தில் இன்னொரு வயோலாவை வைத்தால், உரையாடலில் இருவருக்கும் ஒரே குரல் வந்துவிடும். ஷூமன் ஒப்பஸ் 132-இல் மாற்றாக வயலினைச் சொன்னதன் காரணம் புரிகிறதல்லவா?

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் பலர் தவறவிடும் படி இது. பிராம்ஸ் தந்த வயோலாப் பிரதி கிளாரினெட் பிரதியின் நேர் நகல் அன்று. உயரமான பல இடங்களை அவர் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார். சில இடங்களில் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்கும்படி எழுதினார். ஹென்லே, வீனர் உர்டெக்ஸ்ட் போன்ற பதிப்புகளில் வயோலா வடிவம் ஒழுங்காகக் கிடைக்கிறது. பழைய சிம்ராக் அச்சுகள் ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தில் இலவசமாகவே உள்ளன. வயோலாப் பிரதியோடு கிளாரினெட் பிரதியையும் அச்செடுத்து, ஸ்தாயி மாறும் ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வட்டத்திடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இங்கே அவர் இறக்கியது வயோலாவின் கீழ்க்குரலை விரும்பியா, அல்லது அன்றைய வாசிப்பாளர்களின் இடக்கை மேலே எட்டுமோ என்று அஞ்சியா? அடுத்தடுத்து வரும் ஸ்வரங்கள் இயல்பாகத் தொடர்ந்து, பியானோவின் வலக்கைக்குக் கீழே வயோலா தனி நிறத்தோடு கேட்குமானால், இறக்கியதை அப்படியே விட்டுவிடுங்கள். மாறாக, ஒரு ராகம் மேலே ஏறி உச்சியைத் தொடப்போகிற நேரத்தில் திடீரென்று ஒரு ஸ்தாயி கீழே விழுந்து, வளைந்து செல்ல வேண்டிய கோடு முறிந்துபோனால், கிளாரினெட்டின் ஸ்தாயிக்குத் திரும்புவதில் தவறில்லை. இன்று மேடையில் வாசிப்பவர்கள் பலரும் இப்படி இரண்டையும் கலந்தே வாசிக்கிறார்கள். ஆனால் மேலே போவதானால் ராகத்தின் தொடக்கத்திலிருந்தே போக வேண்டும். நடுவழியில் ஏறுவது, பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று நாற்காலிமேல் ஏறி நின்றதைப்போல இருக்கும். 'முடியும்' என்பதற்காக எல்லாவற்றையும் மேலே தூக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாசிப்பது எனக்கு மூச்சுத் திணறிய வயலினாகவே கேட்கிறது.

முடிவெடுத்ததும் அதைப் பியானோக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதலாக எஃப் மைனர் சொனாட்டாவை ஒத்திகை பார்த்த அன்று, என் துணைவரின் பிரதியில் மேல்வரியாக அச்சாகியிருந்தது கிளாரினெட் வரி என்பதை இருவருமே கவனிக்கவில்லை. நான் கீழ் ஸ்தாயியில் வாசித்துக்கொண்டிருக்க, அவர் நான் மேலே இருப்பதாக நினைத்துத் தம் இடக்கையை முழு வேகத்தில் இறக்கினார். நான்கு பார்களுக்கு (தாள அளவுகளுக்கு) என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பியானோ பிரதியில் மேலே இருப்பது யாருடைய வரி என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மூச்சும் வில்லும்

கிளாரினெட்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடையே எதுவும் நிகழ்வதில்லை. காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, விரல் மட்டும் மாறுகிறது. பன்னிரண்டு ஸ்வரம் தாண்டும் பெரிய பாய்ச்சல்கூட ஒரு பொத்தானை அழுத்துவதில் முடிந்துவிடும். வயோலாவிலோ அதே பாய்ச்சலுக்கு வில் ஒரு தந்தியை விட்டு இன்னொன்றுக்கு, சில நேரம் நடுவில் ஒரு தந்தியைத் தாண்டியும், போக வேண்டியிருக்கிறது. இதை மறைக்க நான் கடைப்பிடிக்கும் பயிற்சி எளிமையானது. தாண்டப்போகும் இரண்டு தந்திகளும் அடுத்தடுத்து இருந்தால், முதலில் இரண்டையும் சேர்த்தே மெதுவாக இழுத்து, வில்லின் கோணம் எவ்வளவு குறைவாக மாறினால் போதும் என்பதை முழங்கைக்குப் பழக்க வேண்டும். பிறகு இடக்கை விரலை அடுத்த தந்தியில் முன்கூட்டியே வைத்துவிட்டு, வில்லை அந்தப் பக்கம் சாயவிட வேண்டும். தாவுவதற்கும் சாய்வதற்கும் உள்ள வேறுபாடு கேட்பவருக்கு உடனே தெரியும்.

அடுத்தது வில் மாற்றங்கள். ஸ்வரங்களை இணைத்து வாசிக்கச் சொல்லும் பிராம்ஸின் நீண்ட ஸ்லர் வளைவுகளில் பல, கிளாரினெட்டுக்கு ஒரே மூச்சு. மெல்லிய ஒலியில் கிளாரினெட்டுக்குச் செலவாகும் காற்று குறைவு என்பதால் அந்த மூச்சு மிக நீளமானது. அதை ஒரே வில்லில் முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒலி மெலிந்து பஞ்சாகிவிடும். வளைவுக்குள் வில்லை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ராகம் மூச்சு வாங்காத இடத்தில் மாற்றம் கேட்கக்கூடாது. வலுவான தாளத்தில் மாற்றாமல், அதற்கு முந்தைய பலமற்ற சிறு ஸ்வரத்தில் மாற்றுவது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மாறாக, வளைவு உண்மையிலேயே முடியும் இடத்தில் வில்லை ஒரு கணம் தந்தியிலிருந்து விடுவித்துக் காற்றைப் புகவிடுங்கள். தந்தி வாசிப்பவர்களுக்கு மூச்சு முட்டுவதே இல்லை. ஆகவே நிறுத்த வேண்டிய இடங்களை நாம் மறந்துவிடுகிறோம். இதற்குச் சிறந்த மருந்து, கிளாரினெட் பிரதியை எடுத்து வாயால் பாடிப் பார்ப்பது. குரல் அழகாக இருக்க வேண்டியதில்லை. பாடும்போது எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே ஒரு கால்புள்ளி போட்டு, அந்தக் கால்புள்ளிகளை வயோலாப் பிரதியில் ஏற்றிவிட்டு, வில் மாற்றங்களை அதற்குப் பிறகே தீர்மானியுங்கள்.

ஷூமனின் ஒப்பஸ் 73-இல் இது இன்னும் கூர்மையாகிறது. மூச்சுவிட இடமே தராத துண்டுகள் என்று கிளாரினெட்டாளர்கள் அவற்றைப் பற்றிக் குறைப்படுவதுண்டு. வயோலாவுக்கு அந்தக் கவலை இல்லாததால், முதல் துண்டில் பியானோவின் மும்மூன்றாக ஓடும் ஸ்வரங்களுக்கு மேலே நாம் இரண்டிரண்டாக நிற்காமல் இழுத்துக்கொண்டே போய், கேட்பவரைக் களைப்படைய வைத்துவிடுகிறோம்.

மூச்சைப்போலவே தொடக்கமும் கவனத்துக்குரியது. கிளாரினெட் மௌனத்திலிருந்தே ஒலியைக் கொண்டுவரும். எப்போது தொடங்கியது என்றே தெரியாது. வயோலாவில் அதற்காக வில்லைக் காற்றிலிருந்து இறக்கினால் தந்தி ஒருமுறை தும்மும். வில்லைத் தந்திமேல் வைத்து, எடையை எடுத்துவிட்டு, விரற்பலகைப் பக்கமாகச் சற்று ஒதுங்கி, நகர்த்தத் தொடங்கியபிறகு தந்திகளைத் தாங்கும் குதிரையை நோக்கி வாருங்கள். நான்காம் தந்தி தாமதமாகவே பேசும். ஆகவே அங்கே பியானோவோடு சேர்ந்து தொடங்க வேண்டிய ஸ்வரத்துக்கு, கை ஓர் இழை முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

தந்தித் தேர்வும் நடுக்கமும்

கிளாரினெட்டுக்குக் கீழ் ஸ்தாயியில் ஒரு குரல், மேலே இன்னொரு குரல், நடுவே சற்று மங்கிய சில ஸ்வரங்கள் உண்டு. ஸ்தாயி மாறும்போது ஆளே மாறியதுபோல இருக்கும். வயோலாவில் இதற்கு இணையானது தந்தி மாற்றம். ஆகையால் ஒரு வாக்கியத்தை முழுவதும் ஒரே தந்தியில் வாசிக்கலாமா என்று பாருங்கள், ஆனால் அதற்காக நான்காம் தந்தியில் மேல் பொசிஷன்களுக்கு (இடக்கையின் உயர்ந்த நிலைகளுக்கு) ஏறாதீர்கள். அங்கே ஒலி அடைத்துப்போகும். கீழே இருப்பதைக் கீழ்த் தந்தியில் தாழ்ந்த பொசிஷனிலும், மேலே இருப்பதை முதல் தந்தியிலும் வைத்துக்கொண்டு, மாற்றம் வாக்கியங்களுக்கு இடையே நிகழும்படி விரல்களை எழுதிக்கொள்வது நல்லது.

ஈ ஃபிளாட் மேஜர் சொனாட்டாவின் நடுப் பகுதி இதற்குத் தனிச் சோதனை. அது ஈ ஃபிளாட் மைனரில் இருக்கிறது. சி, ஜி, டி, ஏ என்ற வயோலாவின் நான்கு திறந்த தந்திகளில் ஒன்றுகூட அந்த ஸ்கேலின் அடிப்படை ஏழு ஸ்வரங்களில் இல்லை. இடையிடையே உயர்த்தப்படும் ஏழாம் ஸ்வரமாக டி மட்டும் எட்டிப்பார்க்கும். வாசிக்கும் ஸ்வரத்தோடு கூட அதிர வேறு தந்தி இல்லாததால் கருவி திடீரென்று ஈரத்துணி போர்த்தியதுபோல ஆகிவிடும். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு இது எஃப் மைனராகக் கைக்கு வருவதால் அது இதை உணர்வதே இல்லை. நமக்கு இரண்டு வழிகள்தாம்: வில்லை வழக்கத்தைவிடக் குதிரைக்கு அருகே கொண்டுபோவது, ஸ்வரத்தை நடுங்கவைக்கும் இடக்கை அசைவைச் சற்று அகலமாக்குவது. நடுவில் பி மேஜரில் வரும் நிதானமான பகுதியிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை.

மற்ற இடங்களில் அந்த அசைவை, அதாவது வைப்ரேட்டோவை, குறைத்தே தொடங்குங்கள். ஜெர்மானியக் கிளாரினெட் மரபில் அது அரிது. பிராம்ஸின் நண்பரான யோவாக்கிமின் வயலின் மரபும் அதை எல்லா ஸ்வரத்துக்கும் பூசும் பூச்சாகக் கருதவில்லை, தேவைப்பட்ட இடத்தில் இடும் அணியாகவே கருதியது. முல்ஃபெல்டே மைனிங்கன் குழுவில் முதலில் வயலின் கலைஞராகச் சேர்ந்து, பிறகு கிளாரினெட்டுக்கு மாறியவர் என்பதையும் நினைவில் கொள்ளலாம்; தந்தியின் பாடும் குணம் அவருக்குப் புதிதல்ல. பிரதியில் விரிந்து சுருங்கும் சிறு குறிகள் ஒரே ஸ்வரத்தின்மேல் வரும்போது, பிராம்ஸ் அங்கே ஒலியின் அளவை மட்டுமன்றி நெஞ்சின் வெப்பத்தையும் சிறிது தாமதத்தையும் கேட்டார் என்று, அவரை அறிந்த பியானோ கலைஞர் ஃபேனி டேவிஸ் பதிவுசெய்திருக்கிறார். உங்கள் அசைவைச் சேமித்துவைத்து அந்தக் குறிகளில் செலவிடுங்கள்.

பியானோவோடு

பிராம்ஸின் பியானோ எழுத்து கீழ்ப்பகுதியில் தடிப்பானது. அந்தப் பகுதிதான் வயோலாவின் வீடும். கிளாரினெட்டின் ஒலி அந்தத் தடிப்புக்குள்ளும் தனியாகத் தெரியும், வயோலாவுடையது கரைந்துவிடும். மூடியை முழுவதும் அடைப்பதால் பியானோ முணுமுணுக்கும், அவ்வளவே. குட்டைக் கோலில் நிறுத்திவிட்டு, இடக்கையை இலேசாக்கிப் பெடலைச் சுருக்கமாக மாற்றும்படி கேட்டுக்கொள்வதே பயன் தரும். நீங்களும் கருவியின் ஒலித்துளைகள் அவையை நோக்கியிருக்கும்படி நிற்க வேண்டும். ஒத்திகையில் ஒருவரை அறையின் கடைசியில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். காதருகே முரட்டுத்தனமாகத் தோன்றும் வயோலா ஒலி, பத்து மீட்டர் தள்ளி வெறும் அளவான ஒலியாகத்தான் போய்ச் சேரும்.

பிரதியை மாற்றி எழுதுவது

வயோலாப் பிரதி கிடைக்காத படைப்புகளுக்குக் கிளாரினெட் பிரதியிலிருந்து நாமே எழுதிக்கொள்ள வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதியது ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும். ஏ கிளாரினெட்டுக்கு எழுதியது ஒன்றரை ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும். ஸ்கேல் குறியில் முன்னதற்கு இரண்டு ஃபிளாட்டுகளைச் சேர்க்க வேண்டும், பின்னதற்கு மூன்று ஷார்ப்புகளை. எஃப் மைனர் சொனாட்டா கிளாரினெட்டாளர் கண்ணில் ஜி மைனராகத் தெரிவதும், பி மைனர் குயின்டெட் டி மைனராகத் தெரிவதும் இதனால்தான். டெனர் க்ளெஃப் (கோடுகளில் எது எந்த ஸ்வரம் என்று காட்டும் குறிகளில் ஒன்று) பழகியவர்கள் பி ஃபிளாட் பிரதியை அந்த க்ளெஃபாக நினைத்து ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிடலாம், ஆனால் நடுவே வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகளில் கால் இடறும். கணினியில் எழுதிக்கொள்வதே மேல். ஷூமனின் துண்டுகளுக்குச் செல்லோப் பிரதியிலிருந்து தொடங்காமல், கிளாரினெட் பிரதியிலிருந்தே தொடங்குங்கள். எதை இறக்குவது என்ற முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

ட்ரியோவும் குயின்டெட்டும்

ஒப்பஸ் 114 ட்ரியோவை செல்லோ தனியாகத் தொடங்குகிறது. பிறகு கிளாரினெட் நுழையும்போது, வேறு ஓர் ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்ததுபோல இருக்கும். வயோலா நுழைந்தால் அந்த வியப்பு இல்லை, இருவரும் உடன்பிறந்தோர். செல்லோ கனிந்து அசைவோடு முடித்தால் நீங்கள் அசைவில்லாத, சற்று வெளிறிய ஒலியோடு நுழைந்து பாருங்கள். அதே பகுதியில் இரு கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றிக்கொள்ளும் வேகமான ஸ்வர ஓட்டங்களில் மட்டும் இதற்கு நேர்மாறாக, யார் எங்கே விட்டார், யார் எங்கே பிடித்தார் என்று தெரியாதபடி ஒரே நிறத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே வயோலாவின் மாற்று வடிவம் கிளாரினெட்டைவிட நன்றாக இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

குயின்டெட்டில் நிலைமை இன்னும் கடினம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்கு நடுவே நீங்களும் ஒரு தந்திக் கருவி. முதல் நான்கு பார்களில் வயலின்கள் இணைந்து பாடியபின், ஐந்தாம் பாரில் டோல்ச்சே (இனிமையாக) என்ற குறியோடு மேலே ஏறும் உங்கள் ஆர்ப்பெஜியோ (ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து வாசிக்கும் ஸ்வரக்கூட்டு) தொடங்குகிறது. கிளாரினெட் என்றால் அந்த நிறமே அறிவிப்பு. வயோலாவில் அதை உரத்து வாசித்தால் டோல்ச்சே போய்விடும், மென்மையாக வாசித்தால் மற்ற நால்வருக்குள் மூழ்கிவிடும். ஆகவே தீர்வை இருக்கையிலிருந்தே தொடங்க வேண்டும்: குழுவின் வயோலாவுக்கு அருகில் உட்காராமல், முதல் வயலினுக்கு எதிரே, செல்லோவுக்கு வெளிப்பக்கம் உட்காருங்கள். முடிந்தால் உங்கள் கருவியும் மற்றொரு வயோலாவும் வெவ்வேறு நிறமுடைய தந்திகளைப் பூட்டியிருக்கட்டும். நுழையும்போது அந்த ஆர்ப்பெஜியோவை ஒரே வில்லில், முதல் ஸ்வரத்தில் வில்லைச் சிக்கனமாகவும் மேலே போகப்போகத் தாராளமாகவும் செலவிடுங்கள்.

இரண்டாம் பகுதியான அடாஜியோவில் மற்ற தந்திக் கருவிகள் ஒலியை மழுங்கச் செய்யும் ஊமைக்கட்டையை மாட்டிக்கொள்கின்றன. உடன் வாசிப்பவர்கள் மாட்டுவதைப் பார்த்து நீங்களும் பழக்கத்தில் மாட்டிவிடாதீர்கள். நால்வரின் ஒலி திரைக்குப் பின்னே போகும் அந்த ஒரு பகுதியில்தான், ஊமைக்கட்டை இல்லாத வயோலா எந்த முயற்சியும் இல்லாமல் முன்னே வந்து நிற்கிறது. நடுவில் ஹங்கேரிய ஜிப்சி வாசிப்பை நினைவூட்டும் வேகமான சுழற்சிகள் வரும்போது அந்த இடைவெளியை முழுவதும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் எண்ணி வாசிக்காமல், ஒவ்வொரு சுழற்சிக்கும் அது போய்ச் சேர வேண்டிய ஒரு ஸ்வரத்தைக் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அதை நோக்கி உதிரவிடுங்கள். நடுங்கும் வில்லோடு கீழே காத்திருக்கும் நால்வரும் அந்த ஒரு ஸ்வரத்தில்தான் உங்களோடு சேர வேண்டும். ஆகவே அதற்கு முன்பு உங்கள் வில்முனை அவர்கள் கண்ணில் படும்படி சற்று உயரட்டும்.